வாசகர் கேள்வி பதில்: தோரோங் லாவைக் கடக்கப் பத்து நாள் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 47. பினாங்குத் தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளையும் வாரத்தில் பல நாள் நிற்காமல் ஏறி இறங்குகிறேன். தீபாவளியை ஒட்டிய பத்து நாள் விடுப்பில், நேப்பாளத்தின் மனாங் பள்ளத்தாக்கிலிருந்து தோரோங் லா கணவாயைக் கடந்து முக்திநாத் பெருமாளைச் சேவிக்க விரும்புகிறேன். பத்து நாள் தாராளம் என்கிறார் பயண முகவர். சரிதானா?
– வாசகர், பட்டர்வொர்த்

பதில்: போதாது. உங்கள் கால்வலிமையில் எனக்கு ஐயமே இல்லை. ஆனால் கணவாயின் உயரம் 5,416 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறையப் பாதிதான் என்பதால், ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறைந்துவிடுகிறது. அதற்கு ஈடுகொடுக்க உடல் பல நாள் எடுத்துக்கொள்ளும். தண்ணீர்மலையில் எத்தனை ஆண்டு படியேறியிருந்தாலும் அந்த நாள்களைக் குறைக்க இயலாது. சொல்லப்போனால், நல்ல தெம்புள்ளவர்கள்தாம் வேகமாக மேலே போய்ச் சேர்ந்து, அங்கே படுத்துவிடுகிறார்கள்.

3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தங்கும் இடத்தின் உயரத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஏறாமல் ஓய்வு கொள்ள வேண்டும். மலை மருத்துவர்கள் பொதுவாக வலியுறுத்தும் விதி இது. உங்கள் முகவர் மனாங் வரை செல்லும் ஜீப்பை நம்பிக் கணக்குப் போட்டிருப்பார் என்று ஊகிக்கிறேன். 800 மீட்டருக்கும் தாழ்வான பேசிசஹாரில் ஏறி, ஓரிரு நாளில் 3,500 மீட்டரில் இறங்குவது பணத்தையும் நாளையும் மிச்சப்படுத்தும், உடலைத்தான் படுத்தும். சாமே வரை ஜீப்பில் சென்று, அங்கிருந்து பீசாங் வழியாக நடந்து மனாங்கை அடையுங்கள். அங்கே இரண்டு இரவு தங்குங்கள். இமாலய மீட்புச் சங்கத்தின் மருத்துவ முகாமில் பருவகாலத்தில் நடக்கும், உயரமான இடங்களில் ஆக்சிஜன் குறைவால் வரும் உயர நோய் பற்றிய விளக்கவுரையையும் கேளுங்கள். பிறகு யாக் கார்க்கா, தோரோங் பேதி ஆகிய இடங்களில் ஒவ்வோர் இரவு தங்கி, மறுநாள் விடியுமுன் புறப்பட்டால், முற்பகலுக்குப் பிறகு கணவாயில் காற்று வலுக்கும் முன் கடந்துவிடலாம். எதிர்த்திசையில், முக்திநாத்திலிருந்து ஏறுவது நல்லதன்று. ஒரே நாளில் ஏறத்தாழ 1,600 மீட்டர் ஏற வேண்டியிருக்கும்.

இதற்குக் குறைந்தது இரண்டு வாரம் தேவை. அதில் இரண்டு நாளை எதற்கும் ஒதுக்காமல் வைத்திருங்கள். ஐப்பசி மாதம் அங்கே வானம் தெளிந்திருக்கும் பருவம்தான். ஆயினும் 2014 அக்டோபர் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹுத்ஹுத் புயல், இரண்டு நாள் கழித்து இந்தக் கணவாய்ப் பகுதியில் பெரும் பனியாகக் கொட்டி, நாற்பதுக்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. கையில் மிச்ச நாள் இருப்பவரே அத்தகைய வானத்தைப் பார்த்ததும் விடுதியில் உட்கார்ந்துகொள்ள முடியும். பத்து நாளுக்கு மேல் விடுப்பு இல்லையென்றால் லாங்டாங் பள்ளத்தாக்குக்குச் செல்லுங்கள். கடக்கக் கணவாய் கிடையாது. கடைசித் தங்குமிடமான கியான்ஜின் கோம்பாவும் 3,900 மீட்டருக்குக் கீழேதான்.

கேள்வி: மலையில் தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு நடக்கலாமா? பூண்டு சூப் குடித்தால் சரியாகிவிடும் என்கிறார்களே?
– வாசகி, கிள்ளான்

பதில்: பூண்டு சூப் குளிருக்கு இதமானது, அதற்கு மேல் அதை நம்ப வேண்டாம். தலைவலியோடு குமட்டலும் சோர்வும் இருந்தால் அங்கேயே தங்குங்கள். தணியும் வரை மேலே ஏறாதீர்கள், கூடினால் இறங்குங்கள். வலி மாத்திரை வலியை மறைக்கும், நோயைப் போக்காது. அசெட்டசோலமைடு மாத்திரை உடல் பழகுவதை விரைவுபடுத்தும் என்பது உண்மை, ஆனால் சல்பா மருந்து ஒவ்வாதவர்கள் புறப்படும் முன்பே மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும். உடன் வருபவரை, ஒரு காலின் குதிகாலை மறுகாலின் விரல்நுனியில் ஒட்டிவைத்து நேர்கோட்டில் பத்தடி நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினால் மூளையில் நீர் கோத்திருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால் நுரையீரலில் கோத்திருக்கலாம். இரண்டிலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, நள்ளிரவானாலும் துணையோடு இறக்கிவிட வேண்டும்.

கேள்வி: என் அம்மாவுக்கு 68 வயது. மறுபக்கமாக வாகனத்தில் முக்திநாத்துக்கு வர முடியுமா?
– வாசகர், பிறை

பதில்: தாராளமாக வரலாம், திருச்சாளக்கிராமமாகப் போற்றப்படும் அத்திவ்விய தேசத்துக்குப் பெரும்பாலான அடியார்கள் அப்படித்தான் வருகிறார்கள். பொக்காராவிலிருந்து ஜீப்பில் வரலாம். விமானமென்றால் ஜோம்சோம் வரை, அதுவும் காலையில்தான், ஏனெனில் நண்பகலுக்குப் பின் காளி கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று விமானம் ஓட்ட விடாது. கோயில் 3,700 மீட்டருக்கு மேல் இருப்பதால், ஒரே மூச்சில் ஏற்றிவிடாமல் ஜோம்சோமிலோ காக்பேனியிலோ ஓர் இரவாவது தங்க வையுங்கள்; இதய நோயோ மூச்சுத் தொல்லையோ இருந்தால் மருத்துவரின் சம்மதம் பெறுங்கள். அங்குள்ள 108 தாரைகளின் நீர் உறையும் குளிர்ச்சியுடையது. இந்த வயதில் அதில் நனைய வேண்டாம், கையில் ஏந்தித் தலையில் தெளித்துக்கொள்ளலாம்.