டாரென்ட் தானாக மூடிக்கொள்கிறது: எந்த ஆன்டிவைரஸ் வாங்கலாம்?

கேள்வி: காரைக்குடிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி மையம் நடத்துகிறேன். மாணவர்களுக்காக உபுண்டு இயங்குதளம், லிப்ரே ஆஃபீஸ் போன்ற இலவச மென்பொருள்களை க்யூபிட்டாரென்ட் என்ற டாரென்ட் மென்பொருள் வழியாக இறக்கி வைப்பது வழக்கம். மூன்று வாரமாக அது திறந்த ஐந்து, பத்து நிமிடத்தில் தானாக மூடிக்கொள்கிறது. இரண்டு முறை நீலத் திரை வந்து கம்ப்யூட்டரே ரீஸ்டார்ட் ஆனது. விண்டோஸ் 10, 8 ஜிபி ரேம். வாங்கும்போதே ஒரு ஆன்டிவைரஸ் இருந்தது. சர்வீஸுக்குக் கொடுத்தபோது கடைக்காரர் இன்னொன்றும் போட்டுக் கொடுத்தார். வைரஸ்தான் காரணம் என்கிறார்கள். காசு கொடுத்து நல்ல ஆன்டிவைரஸாக வாங்கலாம் என்றிருக்கிறேன். எதை வாங்குவது?

பதில்: இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது: ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆன்டிவைரஸ். வைரஸ் இருக்கவே இருக்காது என்று சொல்ல வரவில்லை, அதையும் பார்த்துவிடலாம். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகளுக்கு நான் முதலில் சந்தேகப்படுவது காவலுக்கு வைத்திருக்கும் அந்த இரண்டையும்தான்.

டாரென்ட் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால் காரணம் புரியும். உலாவியில் ஒரு ஃபைலை இறக்கினால் அது முதலிலிருந்து கடைசி வரை வரிசையாக வரும். டாரென்டில் அதே ஃபைல் நூற்றுக்கணக்கான துண்டுகளாக, பலரிடமிருந்து, வரிசை இல்லாமல் வந்து ஹார்டு டிஸ்கில் ஆங்காங்கே எழுதப்படும். அப்படி எழுதப்படுவதையெல்லாம் ஆன்டிவைரஸ் கண்காணிக்கும். ஒன்று இருந்தால் சமாளித்துவிடும். இரண்டு இருந்தால், ஒன்று ஃபைலைப் பிடித்து வைத்துச் சோதிக்கும் நேரத்தில் மற்றதும் அதையே கேட்கும். இடையில் மாட்டிக்கொண்ட டாரென்ட் மென்பொருளுக்கு எழுத அனுமதி கிடைக்காது. அது நின்றுவிடும், அல்லது மூடிக்கொள்ளும்.

நீலத் திரை வந்ததாகச் சொன்னீர்களே, எனக்கு அதுதான் முக்கியமான தடயம். க்யூபிட்டாரென்ட் மாதிரி ஒரு சாதாரண மென்பொருள் கெட்டுப்போனால் அது மட்டும்தான் மூடும், விண்டோஸைத் தள்ளிவிடாது. விண்டோஸே விழுகிறது என்றால் அதன் அடித்தளத்தில் ஓடும் ஏதோ ஒன்றில் கோளாறு: வைஃபை டிரைவர் (வைஃபை கருவியை இயக்கும் சிறு மென்பொருள்), ரேம், ஹார்டு டிஸ்க், இல்லையென்றால் ஆன்டிவைரஸ். ஆமாம், ஆன்டிவைரஸும் அந்த அடித்தளத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. 2024 ஜூலை 19 அன்று க்ரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரே ஒரு தவறான அப்டேட்டால், மைக்ரோசாஃப்ட் கணக்குப்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் நின்றன. நம் நாட்டு விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தது அன்றைக்குத்தான். வைரஸ் எதுவும் இல்லாமலே நடந்தது அது.

சரி, ஊகத்தை விட்டுவிட்டு ஆதாரத்தைப் பார்ப்போம். ஸ்டார்ட் மெனுவில் 'ரிலையபிலிட்டி' என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். 'வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரி' என்று வரும். திறந்தால் நாள்வாரியாக ஒரு வரைபடம் தெரியும், கோளாறு நடந்த நாட்களில் சிவப்பு வட்டத்துக்குள் பெருக்கல் குறி இருக்கும். க்யூபிட்டாரென்ட் மூடிக்கொண்ட நாளைச் சொடுக்கி, விவரங்களைத் திறந்து, 'ஃபால்ட் மாட்யூல் நேம்' என்ற வரியைப் படியுங்கள். ஆன்டிவைரஸ் நிறுவனத்தின் பெயரோ சுருக்கமோ அதில் இருந்தால் சந்தேகம் உறுதியாகிவிடும். விண்டோஸின் சொந்த ஃபைல் ஏதாவது பெயர் வந்தால் அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. அதே வரைபடத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள்: கோளாறு தொடங்கிய நாளில், அல்லது அதற்கு முந்தின நாளில், என்ன மென்பொருள் நிறுவப்பட்டது, எந்த டிரைவர் அப்டேட் ஆனது என்பதும் அங்கேயே பதிவாகியிருக்கும். சர்வீஸ் முடிந்து கடையிலிருந்து வந்த தேதியோடு அதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அப்புறம் இரண்டு ஆன்டிவைரஸையும் எடுத்துவிடுங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் எடுக்கலாமே என்று தோன்றும். காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை இரண்டும் வெளியே இருக்கட்டும். செட்டிங்ஸில் போய் வழக்கம்போல அன்இன்ஸ்டால் செய்து, ரீஸ்டார்ட் கொடுங்கள். இவை எளிதில் முழுசாகப் போகாது, டிரைவர்களை விட்டுவிட்டுப் போகும். அதனால் பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் தளத்திலேயே தனி நீக்கும் கருவி வைத்திருக்கின்றன. அதை இறக்கி ஓடவிட்டு மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள். கம்ப்யூட்டர் காவல் இல்லாமல் நிற்குமே என்று பயப்பட வேண்டாம். வேறு ஆன்டிவைரஸ் இருக்கும்வரை ஒதுங்கியிருந்த மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் இப்போது தானாக வேலைக்கு வந்துவிடும். 'விண்டோஸ் செக்யூரிட்டி'யைத் திறந்து அது ஓடுகிறதா என்று மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள். அங்கேயே 'ஆஃப்லைன் ஸ்கேன்' இருக்கிறது. விண்டோஸ் முழுசாகத் திறப்பதற்கு முன்பே சோதிப்பதால், ஒளிந்திருக்கும் வைரஸும் தப்புவது கடினம். உங்கள் சந்தேகத்துக்கு அதுவே நல்ல பதில் சொல்லும்.

இதற்குப் பிறகு இரண்டு நாள் டாரென்டை ஓடவிடுங்கள். விழவில்லை என்றால் வேலை முடிந்தது.

விழுந்தால் அடுத்து ஹார்டு டிஸ்கைப் பாருங்கள். க்ரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவசக் கருவி டிஸ்கின் உடல்நிலையை ஒரே திரையில் காட்டும். மஞ்சளோ சிவப்போ காட்டினால் மற்ற ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு முதலில் ஃபைல்களை வேறு டிஸ்குக்கு மாற்றுங்கள். டிஸ்க் நன்றாக இருந்தால், கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தளத்திலிருந்து வைஃபை டிரைவரைப் புதிதாகப் போடுங்கள். நீலத் திரை மட்டும் தொடர்ந்தால் 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்று ஸ்டார்ட் மெனுவில் தேடி ரேமைச் சோதியுங்கள். க்யூபிட்டாரென்டின் செட்டிங்ஸில் மொத்த இணைப்புகளின் எண்ணிக்கையை 200 அளவுக்குக் குறைப்பதும் பலன் தரும். வீட்டு ரவுட்டர்கள் பல நூறு இணைப்புகளைத் தாங்காமல் நெட்டையே நிறுத்திவிடும், நாம் மென்பொருளைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

உபுண்டு என்று சொன்னதால் ஒரு விஷயம். இப்போதைய டெஸ்க்டாப் பதிப்பின் ஃபைல் 4 ஜிபியைத் தாண்டும். நேராகப் பென் டிரைவிலோ பழைய எக்ஸ்டர்னல் டிஸ்கிலோ இறக்குகிறீர்கள் என்றால், அது ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்த முறையில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக வைக்க முடியாது. எத்தனை தடவை முயன்றாலும் பாதியில் பிழை காட்டி நிற்கும்.

டாரென்ட் பிரச்சினை என்றதும் பலர் சொல்லும் வைத்தியம், டவுன்லோட் ஃபோல்டரையே ஆன்டிவைரஸ் சோதிக்காமல் விலக்கிவிடுவது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். வெளியிலிருந்து எல்லாம் வந்து இறங்கும் வாசலே அந்த ஃபோல்டர்தான். வேகம் போதவில்லை என்றால், முடியாத டவுன்லோடுகளுக்குத் தனி ஃபோல்டர் வைக்கும் வசதி க்யூபிட்டாரென்டில் இருக்கிறது. அந்த ஒன்றை மட்டும் விலக்குங்கள். முடிந்த ஃபைல் வேறு ஃபோல்டருக்குப் போய்விடும், அதைத் திறக்கும்போது சோதனை நடக்கும்.

இனி எதை வாங்குவது என்ற கேள்வி. வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் வைத்திருப்பவருக்கு டிஃபெண்டரே போதும் என்பது என் கருத்து. ஜெர்மனியின் ஏவி-டெஸ்ட், ஆஸ்திரியாவின் ஏவி-கம்பேரட்டிவ்ஸ் ஆகிய இரண்டு ஆய்வகங்களும் ஆன்டிவைரஸ்களைத் தொடர்ந்து சோதித்து முடிவுகளை இலவசமாக வெளியிடுகின்றன. கடைக்காரர் சொல்வதைவிட, விளம்பரத்தைவிட, அந்தப் பட்டியல்களை நம்புங்கள். வைரஸைப் பிடிக்கும் திறனோடு, கம்ப்யூட்டரை எவ்வளவு மெதுவாக்குகிறது, நல்ல ஃபைலைத் தவறாகப் பிடிக்கிறதா என்பதற்கும் அங்கே தனி மதிப்பெண் உண்டு. 8 ஜிபி ரேம் உள்ள உங்களுக்கு வேகத்துக்கான மதிப்பெண் முக்கியம்.

இலவசம் என்பதற்காக மட்டும் எதையும் போடாதீர்கள். பயனர்கள் இணையத்தில் எங்கெல்லாம் போகிறார்கள் என்ற தகவலை விற்றதற்காக, அவாஸ்ட் நிறுவனம் 1.65 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று அமெரிக்க வணிக ஆணையம் 2024இல் அறிவித்தது. நம்மைக் காக்கப் போட்ட மென்பொருளே நம்மைப் பற்றிச் சேகரித்து விற்றது என்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆனால் நீங்கள் வீட்டுக்காரர் இல்லை, மையம் நடத்துபவர். தினமும் பத்து மாணவர்கள் பத்துப் பென் டிரைவோடு வருவார்கள். எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒரே இடத்திலிருந்து கவனிக்கவும், கோளாறு என்றால் தமிழில் பேசி உதவி கேட்கவும் வேண்டும் என்றால், காசு கொடுத்து வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. சென்னையின் கே7, புனேயின் குவிக் ஹீல் இரண்டையும் மேலே சொன்ன அளவுகோல்களை வைத்துப் பாருங்கள். வீட்டுப் பதிப்பு வேண்டாம், சிறு நிறுவனப் பதிப்பின் விலையைக் கேளுங்கள். முதல் வருட விலையோடு இரண்டாம் வருடப் புதுப்பிப்பு விலையையும் கேளுங்கள். எதை எடுத்தாலும் ஒரு கம்ப்யூட்டருக்கு ஒன்றுதான்.

அதைவிட அவசரமானது உங்கள் விண்டோஸ் 10. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. தனியாகப் பதிவு செய்த வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் என்று மைக்ரோசாஃப்ட் நீட்டிப்புக் கொடுத்தது. கதவில் ஓட்டை இருக்கும்போது எந்த ஆன்டிவைரஸும் முழுப் பாதுகாப்பு தராது. கம்ப்யூட்டர் விண்டோஸ் 11ஐ ஏற்கும் என்றால் மாற்றிவிடுங்கள். ஏற்காத கம்ப்யூட்டர்களில் நீங்கள் கற்றுக்கொடுக்கும் உபுண்டுவையே போடலாமே. மாணவர்களுக்கும் பழக்கமாகும்.

எதை இறக்குகிறோம் என்பதில் கவனமாக இருந்தால் ஆன்டிவைரஸுக்கு வேலை குறைவு. டாரென்டில் ஒவ்வொரு துண்டும் சரியாக வந்ததா என்று கணக்கிட்டுச் சரிபார்க்கப்படும் என்பது உண்மைதான். ஆனால் ஆரம்பத்திலேயே விஷம் கலந்த ஃபைலைப் போட்டிருந்தால், அந்த விஷம் ஒரு துளி சிந்தாமல் உங்களிடம் வந்து சேரும் என்பதே அந்தச் சரிபார்ப்பின் பொருள். உபுண்டு டாரென்டை உபுண்டு தளத்திலிருந்தே எடுங்கள், அங்கே கொடுத்திருக்கும் ஷா-256 எண்ணோடு (ஃபைலின் கைரேகை மாதிரி) ஒப்பிடுங்கள். டாரென்ட் மென்பொருளுக்கும் இது பொருந்தும். 2016 மார்ச்சில் டிரான்ஸ்மிஷன் என்ற நல்ல பெயருள்ள டாரென்ட் மென்பொருளின் சொந்தத் தளத்துக்குள் புகுந்து, அதன் மேக் பதிப்பில் கீரேஞ்சர் என்ற பணயத் தீநிரலை (ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் நிரல்) கலந்துவிட்டார்கள்.

கிராக் செய்த, அதாவது உரிமப் பூட்டை உடைத்த, மென்பொருளைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். மாணவர்கள் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். சட்டப்படி தவறு என்பது ஒரு பக்கம். 'முதலில் ஆன்டிவைரஸை நிறுத்திவிட்டுத் திறக்கவும்' என்று அதனோடு ஒரு குறிப்பு வரும். ஸ்டாப் என்ற பணயத் தீநிரல் குடும்பம் பரவியதே பெரும்பாலும் இந்த வழியில்தான். ஆல்பம் டிசைன் செய்யும் ஒருவர் அப்படி நிறுத்தித் திறந்துவிட்டு, மூன்று வருடக் கல்யாணப் படங்களோடு என்னிடம் வந்தார். எல்லா ஃபைலும் பூட்டப்பட்டிருந்தன. என்னால் எதையும் மீட்டுக் கொடுக்க முடியவில்லை. அவரிடம் தனி நகல் இல்லை.

அதனால், நீக்கும் வேலையைத் தொடங்கும் முன் இன்றைக்கே மையத்தின் கணக்கு, மாணவர் விவரம், பாடக் குறிப்புகளை ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்கில் நகல் எடுத்து, வயரைக் கழற்றி அலமாரியில் வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் க்யூபிட்டாரென்ட் மூடிக்கொண்டால், அந்த 'ஃபால்ட் மாட்யூல்' வரியையும் நீலத் திரையில் கடைசியாகத் தெரியும் ஆங்கில வார்த்தைகளையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.