தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் அம்மோனைட் புதைபடிவம் எங்கே கிடைக்கும்?

பையனுக்கு ஜுராசிக் காலத்து அம்மோனைட் (சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்து அழிந்துபோன கடல் பிராணி) வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை பாலக்கோடு பக்கம் மலையேறினால் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கிடைக்காது. யூடியூபில் ஏதாவது இங்கிலாந்துக் கடற்கரை வீடியோ பார்த்திருப்பான். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினால் கல் பிளந்து உள்ளே சுருள் ஓடு தெரியும். நம் ஊர்க் கல்லை நாள் முழுக்கத் தட்டினாலும் தீப்பொறிதான் வரும்.

நான் ஜியாலஜி படித்தவன் இல்லை. டிப்ளமோ சிவில் முடித்துவிட்டு கிரானைட், மார்பிள் பதிக்கும் காண்ட்ராக்ட் எடுப்பவன். பேராசிரியர்கள் யாராவது திருத்த வந்தால் தாராளமாக வரட்டும். ஆனால் கல் கையில் புழங்குகிற பொருள் என்பதால் இந்த அளவுக்குச் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

கிருஷ்ணகிரியில் வெட்டுகிற பாரடைசோ கல்லில் அலை அலையாய், சுழி சுழியாய் இருக்கிறதே, அது ஓடு இல்லை. பூமிக்கு அடியில் சூட்டில் இளகி மடிந்த பாறை, வயது சுமார் 250 கோடி வருஷம். அப்போது ஓடு போட்ட உயிரே உலகத்தில் கிடையாது. அம்மோனைட் வாழ்ந்த ஜுராசிக் கடலோ வெறும் 20 கோடியிலிருந்து 14.5 கோடி வருஷத்துக்கு முந்தையது. கடலடியில் சேறு படிந்து இறுகிய பாறையில்தான் அது அகப்படும். பென்னாகரம் பக்கத்துக் கருப்புக் கல் இன்னொரு வகை, பாறை வெடிப்பில் உருகிய கல் குழம்பு ஏறி இறுகியது. அதிலும் வாய்ப்பில்லை. கல் வெடிப்பில் கருப்பாகச் செடி மாதிரி படர்ந்திருப்பதைக் காட்டி ‘பாசில்’ என்று யாராவது விற்றால் வாங்கிவிடாதீர்கள், அது மாங்கனீசுக் கறை.

சரி, இந்த மாவட்டத்திலேயே நான் அம்மோனைட் பார்த்திருக்கிறேன். ஓசூரில் ஒரு வீட்டு ஹாலுக்கு ஜெர்மனிக் கல் இறக்கியிருந்தார்கள். பவேரியாவில் வெட்டுகிற ஜுரா சுண்ணாம்புக்கல், வெளிர் பழுப்பு நிறம். பதிப்பதற்கு முன் ஸ்லாப்களைத் தரையில் பரப்பி, தூசி போகத் தண்ணீர் அடித்தோம். காய்ந்திருந்தபோது ஒன்றும் தெரியாத ஒரு ஸ்லாப்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சுருள் எழும்பி வந்தது. உள்ளே அறை அறையாகத் தடுப்பு. சில அறைகளில் பாதிக்குக் கல்லின் நிறத்திலேயே சேறு, மீதிப் பாதியில் கண்ணாடி போலக் கால்சைட் என்கிற சுண்ணாம்புப் படிகம். சேறு கீழேதான் படியும், மேலே மிச்சமிருந்த வெற்றிடத்தில் பிற்பாடு கால்சைட் வளரும். அதை வைத்தே அந்த ஓடு கடலடியில் கிடந்தபோது எந்தப் பக்கம் மேல் என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் சுருட்டுத் துண்டு போலப் பழுப்பாக ஒன்று, அது பெலெம்னைட், கணவாய் மீனுக்குச் சொந்தக்கார உயிர்.

வீட்டுக்காரர் பார்த்ததும், “என்னங்க, பூச்சி செத்துக் கிடக்குது, ஸ்லாப்பை மாத்துங்க” என்றார். 15 கோடி வருஷம் பழைய கடல் பிராணி சார், இதற்காகவே தேடி வாங்குவார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. அவருடைய அம்மா கிட்டே வந்து குனிந்து பார்த்தார். அவர்கள் பூஜையில் சாளக்கிராமம் வைத்துக் கும்பிடுகிறவர்கள். “பாட்டி, நேபாளத்துக் காளி கண்டகி ஆத்துல கிடைக்குதே, அந்தச் சாளக்கிராமத்துல இருக்கிற சக்கரமும் இதே ஜாதிதான்” என்றேன். அதுவும் ஜுராசிக் கடலில் படிந்த கல்தான். பாட்டி கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் சிக்கல் வேறு விதமாக வந்தது. பெருமாள் இருக்கிற கல்லை எப்படி மிதிப்பது? கடைசியில் அந்தப் பகுதியை மட்டும் சதுரமாக அறுத்து, ஓரம் உருட்டி, பூஜை அறை வாசலுக்குப் பக்கத்துச் சுவரில் பதித்தோம். இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.

பில் போட்டபோது அந்த ஸ்லாப்பை ‘டேமேஜ்’ என்று கழித்தார்கள். சுவரில் பதித்த கூலி கணக்கிலேயே வரவில்லை. இது இந்த ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. கிரகப்பிரவேசம் வரைக்கும் “தம்பி தம்பி” என்பார்கள், கடைசி பில் என்றதும் போனை எடுக்க மாட்டார்கள். மேஸ்திரிக்கு நான் சனிக்கிழமை கூலி கொடுத்தாக வேண்டும் என்பது யாருக்கும் தெரியாதா? சம்பந்தமில்லாமல் புலம்புகிறேன் என்று கமெண்ட் போடுகிறவர்கள் ஒரு வீட்டுக்குத் தரை போட்டுப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நிஜமாகவே தரையில் பார்க்க வேண்டுமானால் பெரம்பலூர் மாவட்டம் காரை, அரியலூர் பக்கம் போங்கள். ஆனால் அது ஜுராசிக் இல்லை, அதற்கு அடுத்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல். முதலில் அரியலூர் பக்கத்தில் வாரணவாசி அருங்காட்சியகத்தைப் பாருங்கள், பையனுக்கு எதைத் தேடுவது என்று பிடிபடும். சுண்ணாம்புச் சுரங்கத்துக்குள் அனுமதி கேட்காமல் நுழையாதீர்கள். வெயில் காலம் வேண்டாம், காரையில் ஒதுங்க நிழல் கிடையாது. ஜுராசிக்தான் வேண்டும் என்று அடம் பிடித்தால் குஜராத்தில் கட்ச் வரைக்கும் போக வேண்டும்.

அவ்வளவு தூரம் முடியாதென்றால் பெங்களூரில் பெரிய ஹோட்டல், மால் எதிலாவது வெளிர் பழுப்புச் சுண்ணாம்புக்கல் தரை இருக்கிறதா என்று பாருங்கள். பையனைக் குனிந்து தேடச் சொல்லுங்கள். செக்யூரிட்டி வந்து கேட்டால் சாவி விழுந்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.