ஸ்லைடும் பாடமும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஈரோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் சிவில் துறையில் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஐம்பது நிமிட வகுப்புக்கு எத்தனை ஸ்லைடுகள் வைக்கலாம்? எழுத்தளவும் பின்னணி நிறமும் எப்படி இருக்க வேண்டும்? துறைத்தலைவர் ஒவ்வொரு அலகுக்கும் பி.பி.டி.யை முன்கூட்டியே கேட்கிறார். மாணவர்களோ திரையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, பாடத்தைக் கவனிப்பதில்லை. கீழ்பவானிப் பாசன வாய்க்கால் பற்றிய என் ஸ்லைடுகளை இணைத்திருக்கிறேன்.

ச.

அன்புள்ள ச.,

எத்தனை என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். ஒரே படத்தை வைத்துக்கொண்டு ஐம்பது நிமிடம் பேசுபவர்களும் உண்டு, நாற்பதைக் காட்டியும் சலிப்பூட்டாதவர்களும் உண்டு. ஜன்னல் திறந்த வகுப்பறைக்கு வெளிர் பின்னணியும் கறுப்பு எழுத்தும் போதும். எழுத்தளவைக் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து வாசித்துப் பார்த்து நீங்களே முடிவு செய்யலாம்.

என்னைப் பதில் எழுத வைத்தது வேறொன்று. அண்மையில் கோவையில் ஒரு கருத்தரங்கில் பேசியவர், விஷயம் தெரிந்தவர்தான், எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று திரையில் இருந்ததை வரி பிசகாமல் வாசித்து முடித்தார். தேநீர் வேளையில் அதையே கேட்டபோது, அழைப்பிதழின் பின்புறத்தில் நாலு கோடு போட்டு அத்தனை தெளிவாக விளக்கினார். இதை மேடையில் செய்ய விடாமல் அவரைத் தடுத்தது எது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உங்கள் ஸ்லைடுகள் வந்தன.

ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். தலைப்பு ‘கீழ்பவானி வாய்க்கால் – அறிமுகம்’. அதன் கீழே புள்ளி வைத்து ஏழு வரிகள்: பவானிசாகர் அணை, நீளம் 200 கி.மீ., பாசனப் பரப்பு 2.07 லட்சம் ஏக்கர், ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு, கசிவு, கான்கிரீட் தளம். அம்மணி, இது பாடமா, மளிகைச் சீட்டா? நீங்கள் வாயால் சொல்லும் அதே சொற்களை மாணவன் கண்ணால் உங்களுக்கு முன்பே வாசித்து முடித்து, படமும் எடுத்துவிட்டு, வேறு வேலை பார்க்கிறான். அவனைக் குறை சொல்ல இதில் என்ன இருக்கிறது? கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் தம் சோதனைகளில் காட்டியதும் இதுதான்: படத்தைப் பார்த்துக்கொண்டு விளக்கத்தைக் கேட்பவர்கள், அந்த விளக்கமே எழுத்தாகவும் திரையில் ஓடும்போது கற்பவர்களைவிட நன்றாகக் கற்கிறார்கள்.

தலைப்பைப் பற்றிக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். ‘அறிமுகம்’, ‘நன்மைகள்’, ‘முடிவுரை’ என்று எழுதுவது எதையும் சொல்லாமல் தப்பித்துக்கொள்வது. அந்த ஸ்லைடு எதை நிறுவ வந்ததோ அதை உச்சியில் முழு வாக்கியமாக எழுதுங்கள்: ‘மண் வாய்க்காலின் கசிவுநீர் அதற்குக் கீழுள்ள கிணறுகளுக்கு ஊற்றாகிறது.’ இதை எழுதியவுடனே உங்கள் ஏழு வரிகளில் ஐந்து தாமாக உதிர்ந்துவிடும். கீழே வேண்டியது ஒரு குறுக்குவெட்டுப் படம் என்பதும் தெரிந்துவிடும். வாக்கியம் வரவில்லையென்றால், சொல்ல வந்தது உங்களுக்கே இன்னும் தெளியவில்லை.

வாக்கியமாக இருந்தால் மட்டும் போதாது, உரிய வாக்கியமாக இருக்க வேண்டும். 2003இல் கொலம்பியா விண்கலம் வானில் இருந்தபோதே, அதன் இறக்கையில் மோதிய நுரைத்துண்டைப் பற்றிப் பொறியாளர்கள் காட்டிய ஒரு ஸ்லைடின் தலைப்பு கவலைப்பட வேண்டாம் என்ற தொனியில் இருந்தது. மோதியதாகக் கணித்த துண்டு 1,920 கன அங்குலம், முந்தைய சோதனைகளில் பயன்பட்டது வெறும் 3 கன அங்குலம் என்ற செய்தி கடைசி வரியில் கிடந்தது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட ஏழு பேர் திரும்பி வரவில்லை. ஸ்லைடுதான் அவர்களைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முறையான பொறியியல் அறிக்கையின் இடத்தில் ஸ்லைடுகளை வைக்கும் பழக்கத்தை விசாரணைக் குழு வெளிப்படையாகவே கண்டித்தது.

எங்களுக்குப் பாசனம் எடுத்த ஆசிரியர் கரும்பலகையில் முதலில் சரிந்து இறங்கும் நிலக்கோட்டை இழுப்பார். பிறகு மேட்டில் வாய்க்கால், அதன் கரை, நீல சாக்பீஸால் கசிவு இறங்கும் கோடு. தாழ்வில் ஒரு கிணற்றை வரைந்ததும் கை நின்றுவிடும். ‘இதில் தண்ணீர் எந்த மட்டத்தில் நிற்கும்?’ என்று திரும்பிக் கேட்பார். வாய்க்காலை ஒட்டித் தோட்டம் வைத்திருந்த வீட்டுப் பையன்கள், தண்ணீரை அடைத்த பிறகு தங்கள் கிணற்றில் படிகள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்குவதைச் சொல்வார்கள். அந்தப் படம் மனத்தில் பதிந்துவிட்டால், கசிவை அடைக்கும் கான்கிரீட்டை வாய்க்காலில் போடக் கூடாது என்று ஒரு சாராரும், கடைமடைக்குத் தண்ணீர் சேரவில்லை என்று இன்னொரு சாராரும் ஏன் போராடினார்கள் என்பதை விளக்க அதிகம் பேச வேண்டியிருக்காது.

உங்கள் கணினியும் இதைச் செய்யும். ஒரு சொடுக்குக்கு ஒரு கோடு என்று படத்தை வளர்த்துக்கொண்டு போங்கள், கிணற்றில் நிறுத்திக் கேளுங்கள். அனிமேஷன் என்பது இதற்காகத்தான்; எழுத்துகள் சுழன்று வந்து விழுவதற்காக அல்ல.

துறைத்தலைவருக்காக, அந்த எண்களையும் மதகு முறையையும் இரண்டு பக்கக் குறிப்பாக எழுதி, வகுப்புக்கு முன்பே அவருக்கும் மாணவர்களுக்கும் அனுப்பிவிடுங்கள். பி.பி.டி.யாகத்தான் வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால், குறிப்பின் பக்கங்களையே ஸ்லைடுகளில் ஒட்டிக் கொடுங்கள். வகுப்பறைக்குள் மட்டும் அதை எடுத்துப் போகாதீர்கள்.