சைபர்பங்க் ரேடியோவில் சொந்தப் பாடல்கள்: நிலையம் ஏன் தோன்றவில்லை?

கேள்வி: கணினியில் சைபர்பங்க் 2077 என்ற விளையாட்டை ஆடுகிறேன். என்னிடம் உள்ள எம்பி3 பாடல்களைக் கார் ரேடியோவில் தனி நிலையமாகச் சேர்க்க 'ரேடியோஎக்ஸ்ட்' என்ற மோடை (ரசிகர்கள் உருவாக்கும் கூடுதல் நிரலை) நிறுவினேன். பட்டியலில் நிலையமே வரவில்லை. எங்கே தவறு?

பதில்: நிலையத்தின் விவரங்களை எழுதி வைக்கும் உங்கள் ஜேசான் (JSON) உரைக் கோப்பைத்தான் முதலில் சந்தேகிக்கிறேன். இந்த மோடில் ஒவ்வொரு நிலையத்துக்கும் 'ரேடியோஸ்' கோப்புறைக்குள் ஒரு தனிக் கோப்புறை. பாடல்களும் 'மெட்டாடேட்டா' என்ற ஜேசான் கோப்பும் அதற்குள் சேர்ந்தே இருக்க வேண்டும். நிலையத்தின் பெயர், அலைவரிசை எண், ஒலி அளவு எல்லாவற்றையும் மோட் அங்கிருந்துதான் படிக்கிறது. அதைப் படிக்க முடியாவிட்டால் எத்தனை பாடல்கள் போட்டும் பயனில்லை.

நோட்பேடில் சேமிக்கும்போது பெயரின் வாலில் '.டிஎக்ஸ்டி' ஒட்டிக்கொள்வதுண்டு. விண்டோஸ் வழக்கமாகப் பின்னொட்டுகளை மறைத்துவிடுவதால் அது கண்ணில் படாது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரின் 'வியூ' மெனுவில் பின்னொட்டுகளைக் காட்டச் செய்து பாருங்கள். பிறகு கோப்பைத் திறந்து கமாக்களைக் கவனியுங்கள். இரண்டு வரிகளுக்கு இடையே ஒன்று விடுபட்டாலும், கடைசி வரிக்குப் பின் ஒன்று கூடினாலும் ஜேசான் மன்னிக்காது. வேர்டில் தட்டச்சு செய்திருந்தால் மேற்கோள் குறிகள் வளைந்திருக்கும், அவையும் செல்லாது. அலைவரிசை எண்ணுக்கு மேற்கோள் குறியே வேண்டாம்.

கோப்பு சரியாக இருந்தும் வரவில்லையா? ரேடியோஎக்ஸ்ட் தனியாக இயங்காது. மோட்கள் இயங்க அடித்தளமாக உள்ள 'ரெட்4எக்ஸ்ட்', 'சைபர் எஞ்சின் ட்வீக்ஸ்' என்ற துணை நிரல்கள் இரண்டும் தேவை. விளையாட்டுக்குப் புதிய பதிப்பு வந்ததும் பழைய ரெட்4எக்ஸ்ட் வேலைநிறுத்தம் செய்துவிடும். மோட் பக்கத்தில் தேவைப் பட்டியலைப் பார்த்து, உங்கள் விளையாட்டுப் பதிப்புக்கு ஏற்றவற்றை நிறுவுங்கள். சைபர் எஞ்சின் ட்வீக்ஸின் சாளரமே திறக்கவில்லை என்றால் பழுது ரேடியோவில் இல்லை, அடித்தளத்தில் இருக்கிறது.

நிலையம் வந்ததும் அடுத்த தலைவலி ஒலி அளவு. பல இடங்களில் திரட்டிய எம்பி3க்களில் ஒன்று முணுமுணுக்கும், அடுத்தது அலறும். இலவச மென்பொருளான ஆடாசிட்டியில் 'லவுட்னெஸ் நார்மலைசேஷன்' மூலம் எல்லாவற்றையும் ஒரே அளவுக்கு, சுமார் -14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) கொண்டுவாருங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்தவர்கள் சில நாட்களிலேயே தங்கள் நிலையத்தைக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள் என்பது என் கணிப்பு. மற்ற நிலையங்களோடு ஒப்பிட்டு மொத்த ஒலியைக் கூட்டவோ குறைக்கவோ மெட்டாடேட்டாவில் உள்ள ஒலி எண்ணை மாற்றினால் போதும்.

ஜிடிஏ 5 என்ற மற்றொரு விளையாட்டின் கணினிப் பதிப்பில் இவ்வளவு பாடு இல்லை. ஆவணக் கோப்புறையில் அந்த விளையாட்டுக்குரிய 'யூசர் மியூசிக்' கோப்புறையில் பாடல்களைப் போட்டு, ஆடியோ அமைப்பில் ஸ்கேன் செய்தால் 'செல்ஃப் ரேடியோ' தானாக வந்துவிடும். சைபர்பங்க்கில் அப்படியொரு வசதியைத் தராமல் விட்டது எனக்கு இன்னும் வியப்புதான்.

நீங்கள் ஆடுவதை யூடியூபில் நேரலையாகக் காட்டுபவர் என்றால் ஒரு எச்சரிக்கை. காப்புரிமைப் பாடல்களை அணைக்க விளையாட்டில் உள்ள அமைப்பு அதன் சொந்தப் பாடல்களுக்கு மட்டுமே. நீங்கள் சேர்த்தவற்றை நேரலையின்போது நீங்களேதான் நிறுத்த வேண்டும்.