கால்சைன் வந்தும் மைக்கை எடுக்கத் தயக்கமா?

கேள்வி: பல ஆண்டுகளாக ஹாம் ரேடியோவில் (உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவது) இருக்கிறேன். எங்கள் பகுதிக் கல்லூரி மாணவி ஒருவர் தேர்வெழுதி, வி.யு.3 என்று தொடங்கும் கால்சைன் (ரேடியோவில் நம்மை அடையாளம் காட்டும் குறி) வாங்கினார். மாதங்கள் ஓடிவிட்டன, ஒருமுறைகூடப் பேசவில்லை. "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன் அங்கிள், பேசத்தான் பயமா இருக்கு" என்கிறார். எப்படி உதவுவது?

பதில்: அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே நல்ல செய்தி. தேர்வில் ஓம் விதியும் சட்டவிதிகளும் வரும். முகம் தெரியாதவருக்கு எப்படிப் பதில் சொல்வது என்பதை யாரும் கற்றுத் தருவதில்லை. அந்த வேலை நம்முடையது.

"சும்மா கூப்பிடுங்க, யாராவது வருவாங்க" என்று சொல்லிவிடாதீர்கள். நாள், நேரம் குறித்து, 2 மீட்டர் அலைப்பட்டையில் காலியாக இருக்கும் அதிர்வெண் ஒன்றில் நீங்களே அவரை அழையுங்கள். தன் கால்சைனை 'விக்டர் யூனிஃபார்ம் த்ரீ...' என்று விரித்துச் சொல்வது, பெயர், ஊர், உங்கள் சிக்னல் எப்படிக் கேட்கிறது என்பது ஆகிய நான்கையும் தாளில் எழுதி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் 73 (ஹாம்கள் விடைபெறும்போது சொல்லும் வாழ்த்து) சொல்லி முடித்துவிடலாம். அடுத்த முறை இன்னொரு நண்பரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன்பின் வாராந்திர நெட்டுக்கு (பலரும் ஒரே அதிர்வெண்ணில் கூடிப் பேசும் நேரம்) அழைத்து வாருங்கள். புதியவர் வருவதை அதை நடத்தும் நெட் கண்ட்ரோலிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், அவரே பெயர் சொல்லிக் கூப்பிடுவார். முதல் நாள் கால்சைனும் பெயரும் சொன்னால் போதும்.

தவறு செய்தால் அலைவரிசையில் திருத்தாதீர்கள். பிடிடி-யை (பேசுவதற்கான பொத்தான்) அழுத்தியதுமே பேசினால், ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறு ஒலிபரப்பும் நிலையம்) திறப்பதற்குள் முதல் எழுத்துகள் விழுங்கப்பட்டுவிடும். எல்லாப் புதியவர்களுக்கும் நேர்வது இது. பிறகு போனில் சொல்லுங்கள். பத்துப் பேர் கேட்க ஒரு மூத்தவர் அதட்டினால், பாதிப் பேர் திரும்பி வரவே மாட்டார்கள். நம் பொழுதுபோக்கை இதைவிடக் கெடுப்பது வேறெதுவும் இல்லை என்பது என் உறுதியான கருத்து.

அவர் கையில் இருப்பது ஹேண்ட்செட்டும் அதன் குட்டி ரப்பர் ஆன்டெனாவும்தானா? வீட்டுக்குள்ளிருந்து பதில் வராமல் போவதாலும் தயக்கம் கூடும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கிரவுண்ட் பிளேன் ஆன்டெனா செய்யுங்கள். நடுக்கம்பி சுமார் 49 செ.மீ.; கீழே நான்கு கம்பிகள் சற்று நீளமாக, 45 டிகிரி சாய்வாக. சால்டரிங் அயர்னை அவரிடமே கொடுங்கள். மின்கம்பிக்கு அருகில் மட்டும் நிறுத்தாதீர்கள். மொட்டைமாடியில் ஏற்றினால் வித்தியாசம் உடனே தெரியும். தொலைதூரம் பேச உதவும் விலையுயர்ந்த ஹெச்.எஃப். செட்டை இப்போது யாரும் பரிந்துரைக்க வேண்டாம்.

இந்திய ஹாம் பாரதி பிரசாதைப் பற்றியும் சொல்லுங்கள். 2004 டிசம்பரில் சுனாமி தாக்கியபோது அந்தமானிலிருந்து செய்திகளைக் கடத்தியவர். அதற்காக அவர் அங்கே போகவில்லை; உலகெங்கும் உள்ள ஹாம்களோடு பேசத்தான் போயிருந்தார். தினமும் பேசிப் பழகிய அந்தக் கைதான் அன்று உதவியது.

அந்த மாணவியின் தோழிகள் பார்க்க வந்தால் கேட்கட்டும். உரிமம் இல்லாதவரிடம் மைக்கைக் கொடுக்காதீர்கள். மோர்ஸ், வி.யு.2 (அடுத்த நிலை உரிமம்) பேச்சையெல்லாம் மாணவி தானாகக் கேட்கும்போது எடுத்தால் போதும்.