ஹைப்பர்-வியில் 'ப்ராசசர் கம்பாடிபிலிட்டி' என்பது என்ன, எப்போது போட வேண்டும்?

ஹைப்பர்-வி என்பது ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளை (விர்ச்சுவல் மெஷின்) ஓட்டும் மைக்ரோசாஃப்ட் மென்பொருள். அதில் ஓடிக்கொண்டிருக்கும் விர்ச்சுவல் மெஷினை நிறுத்தாமல், வேறு தலைமுறை ப்ராசசர் உள்ள சர்வருக்கு நகர்த்த உதவும் அமைப்பு இது. புது ப்ராசசரில் இருக்கும் சில கூடுதல் வசதிகளை மெஷினின் கண்ணில் படாமல் மறைத்துவிடும், அவ்வளவுதான்.

ஏன் மறைக்க வேண்டும்? இயங்குதளமும் நிரல்களும் தொடங்கும்போதே "உனக்கு என்னென்ன தெரியும்?" என்று ப்ராசசரிடம் கேட்டு, அந்தப் பதிலை நம்பியே கடைசிவரை ஓடும். நடுவில் ஏவிஎக்ஸ் (கணக்குகளை வேகமாகச் செய்யும் ப்ராசசர் கட்டளைத் தொகுப்பு) இல்லாத பழைய சர்வருக்குப் போனால், அந்தக் கட்டளை வந்ததும் நிரல் விழுந்துவிடும், அதனால்தான் ஹைப்பர்-வி நகர்த்தவே மறுக்கிறது. பாதிச் சமையலில் வேறு வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும் என்று தெரிந்தால், இரண்டு வீட்டிலும் இருக்கும் பாத்திரங்களை நம்பித்தானே அடுப்பைப் பற்றவைப்போம்?

மெஷினை அணைத்துவிட்டு, செட்டிங்ஸில் ப்ராசசருக்குக் கீழே கம்பாடிபிலிட்டி பகுதியில் டிக் போடுங்கள். ஓடும்போது மாற்ற முடியாது. அப்புறம், குறியாக்கம், வீடியோ மாதிரி கனமான வேலைகள் மெதுவாகலாம், எல்லா சர்வரும் ஒரே மாதிரி என்றால் தயவுசெய்து போடாதீர்கள். விண்டோஸ் சர்வர் 2025 கிளஸ்டரில் (ஒன்றாக இணைந்து இயங்கும் சர்வர்களின் குழு) எல்லா நோடுக்கும், அதாவது ஒவ்வொரு சர்வருக்கும், பொதுவான வசதிகளை அதுவே கணக்கிட்டுத் தருவதால் இழப்பு குறைவு.

பலர் நினைப்பதற்கு மாறாக, இதைப் போட்டாலும் இன்டெலிலிருந்து ஏஎம்டிக்கு ஓட்டத்திலேயே நகர்த்த முடியாது, அதற்கு மெஷினை அணைத்துத்தான் மாற்ற வேண்டும்.