ஐந்து மணிக்கே வீட்டுக்குப் போனவர்கள்

கேள்வி: ஒரு பேக்கிங் யூனிட்டில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறேன். காலை எட்டரைக்குப் போனால் திரும்ப இரவு ஏழு, எட்டு ஆகிவிடும். வருகைப் பதிவேட்டில் மட்டும் ஐந்து மணிக்குப் போனதாகக் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். ஓவர்டைம் காசு கிடையாது. தொழிலாளர் துறைக்கு மொட்டைக் கடிதம் போட்டால் போதுமா? பேர் வெளியே தெரிந்தால் வேலை போய்விடுமா? என்னை அங்கே சேர்த்துவிட்டவரே சூப்பர்வைசர் என்பதும் உறுத்துகிறது. – பெயர் வெளியிட வேண்டாம் என்ற வாசகி

பதில்: மொட்டைக் கடிதம் வேண்டாம். எந்தப் பிரிவு, எந்த ஷிஃப்ட் என்று ஆய்வாளருக்கு ஒரு சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்க ஆள் இருக்காது. கடிதம் ஃபைலிலேயே தூங்கிவிடும். பேரைக் கொடுங்கள். வெளியே சொல்லக் கூடாது என்பதை முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள். அப்படிக் கேட்பது சலுகை இல்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 81-ஆம் உடன்படிக்கை (1947), புகார் கொடுத்தவர் யார் என்பதை ஆய்வாளர் ரகசியமாக வைக்க வேண்டும் என்கிறது. புகார் வந்ததால்தான் வந்தேன் என்று முதலாளியிடம் ஜாடைகூடக் காட்டக் கூடாது. 140-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன.

ஆனால், ஆய்வாளர் மறைத்தாலும் உங்கள் கடிதமே உங்களைக் காட்டிக்கொடுத்துவிடலாம். ‘போன வாரம் நான் ஓ.டி. கேட்டதற்கு மேனேஜர் கத்தினார்’ என்று எழுதினால், யாரிடம் கத்தினோம் என்பது மேனேஜருக்குத் தெரியாதா? ‘பேக்கிங் பிரிவில் காலை ஷிஃப்ட் ஆட்கள் ஏழு மணிக்குப் பிறகுதான் வெளியே வருகிறார்கள், பதிவேட்டில் ஐந்து என்று இருக்கிறது’ என்று எழுதுங்கள். அதை அங்கே இருக்கும் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். எத்தனை மணிக்கு வந்தால் கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்பதையும் சேர்த்துவிடுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல், இரவோ பகலோ எந்த நேரத்திலும் ஆய்வாளர் உள்ளே வரலாம் என்பதும் அதே உடன்படிக்கையில்தான் இருக்கிறது. ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போன ஆள் ஆறரைக்குப் பெட்டியில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தால், அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இன்றைக்கே ஒரு சின்ன நோட்டு வாங்குங்கள். ‘12-ஆம் தேதி. உள்ளே 8.25, வெளியே 7.40. லோடு ஏற்ற நிறுத்தினார்கள்.’ இவ்வளவு போதும், அன்றன்றைக்கே எழுத வேண்டும். மாதக் கடைசியில் ஒரே பேனாவில் உட்கார்ந்து எழுதியது பார்த்தாலே தெரியும். (என் முதல் வேலையில் முப்பது நாள் கையெழுத்தையும் ஒரே மத்தியானத்தில் போட்டவன் நான், அதனால் சொல்கிறேன்.) ‘இன்னைக்கு எட்டு வரைக்கும்’ என்று போனில் வரும் செய்திகளை அழிக்காதீர்கள். பதிவேட்டைத் திருட்டுத்தனமாகப் படம் எடுக்க வேண்டாம். உங்களை நீக்க அதுவே ஒரு சாக்காகிவிடும். அதைக் கேட்டு வாங்கும் அதிகாரம் ஆய்வாளருக்கு உண்டு.

இன்னொன்று, இதைப் பலர் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். சட்டமீறல் புகார் வேறு, வர வேண்டிய பாக்கிச் சம்பளத்தைக் கேட்கும் மனு வேறு என்றுதான் பல இடங்களில் இருக்கிறது. முன்னதில் உங்கள் பேர் மறைந்திருக்கும். பின்னதில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று சொல்லியாக வேண்டும், அதனால் மறைக்க முடியாது. மனுவுக்குக் காலக்கெடுவும் இருக்கும். துறை அலுவலகத்தில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

வேலை போகுமா? அரசு அதிகாரியிடம் புகார் செய்ததை வேலைநீக்கத்துக்குக் காரணமாகக் காட்ட முடியாது என்கிறது அதே அமைப்பின் 158-ஆம் உடன்படிக்கை (1982). ஆனால் அதை ஏற்ற நாடுகள் குறைவு. அதனால் உங்கள் நாட்டுச் சட்டத்தில் அந்தப் பாதுகாப்பு உண்டா என்றும் கேட்டு வையுங்கள். இருந்தாலும் யாரும் ‘புகார் கொடுத்தாய், போ’ என்று எழுதித் தர மாட்டார்கள். லேட், வேலை சரியில்லை என்று ஏதாவது வரும். கொஞ்ச நாள் நேரத்தில் கறாராக இருங்கள். புகார் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள், தேதியோடு.

அப்புறம் அந்த சூப்பர்வைசர். அவரிடம் முன்கூட்டியே சொல்லாதீர்கள். சொன்னால், முதலாளியிடம் ஓடுவதா, தெரிந்தும் மறைப்பதா என்று அவர்தான் மாட்டிக்கொண்டு முழிப்பார். கடிதத்தில் அவர் பேரும் வேண்டாம். பதிவேட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியது நிறுவனம். அவர் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்று கவனித்திருக்கிறீர்களா? அவர் பேருக்கு நேரேயும் ஐந்து மணி என்றுதான் எழுதியிருக்கும்.